ஸ்கூட்டர் வேரியேட்டர் மாற்றியமைப்பு

கியர் போடத் தேவையில்லாத ஸ்கூட்டரில் எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது ஒரு ரப்பர் பெல்ட்டும் இரண்டு புல்லிகளும். முன்புல்லியான வேரியேட்டர், அதற்குள் இருக்கும் ரோலர்கள், பெல்ட், பின்புல்லியின் ஸ்பிரிங், கிளட்ச் ஆகியவற்றில் சிலவற்றையோ அனைத்தையுமோ கழற்றிவிட்டு, வண்டியைச் செய்த கம்பெனியல்லாத பிறர் விற்கும் பாகங்களைப் பொருத்தி வண்டியின் பிக்கப்பை மாற்றுவது வேரியேட்டர் மாற்றியமைப்பு எனப்படும். இந்தப் பாகங்களில் எதுவும் எஞ்சினின் திறனைக் கூட்டுவதில்லை. இருக்கிற திறன் எந்தச் சுழற்சி வேகத்தில் சக்கரத்துக்குப் போகவேண்டும் என்பதைத்தான் அவை தீர்மானிக்கின்றன. இந்த ஒன்று புரியாமல் வாங்கப்பட்ட கிட்கள்தாம் பெரும்பாலும் சில வாரங்களில் மறுவிற்பனைக்கு வருகின்றன.

முன்வரலாறு

விட்டம் மாறும் புல்லியின் வரலாற்றை லியொனார்டோ டா வின்சியின் வரைபடத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அந்த வரைபடத்திலிருந்து எந்த வண்டியும் பிறக்கவில்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம். நடைமுறைக்கு வந்த முதல் அமைப்பு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸுடையது. மரம் அறுக்கும் ஆலையில் ரம்பத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க 1879இல் அவர் கூம்பு வடிவத் தட்டுகள் இரண்டைச் சேர்த்து ஒரு புல்லி செய்தார். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும். விலகினால் நடுவே இறங்கும். இன்றைய ஸ்கூட்டரின் இடது பக்க மூடியைத் திறந்தால் தெரிவதும் இதே இரண்டு தட்டுகள்தாம்.

இதை இருசக்கர வண்டிக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். லண்டனின் ஜெனித் நிறுவனத்துக்காக ஃபிரெடி பார்ன்ஸ் வடிவமைத்த ‘கிராஜுவா’ கியரில், டேங்குக்கு மேலே இருந்த கைப்பிடியைச் சுற்றினால் எஞ்சின் புல்லியின் விட்டம் மாறும். அப்போது பெல்ட் தளர்ந்துபோகாமல் இருக்கப் பின்சக்கரமே முன்னும் பின்னும் நகர்ந்துகொடுக்கும். மற்ற வண்டிகள் ஒரே கியரில் திணறிய அந்தக் காலத்தில் ஜெனித் மலையேற்றப் போட்டிகளில் எளிதாக வென்றது. போட்டி அமைப்பாளர்கள் பலர் அதற்குத் தடை போட்டார்கள். நிறுவனமோ தடை என்ற சொல்லையே தன் வணிகச் சின்னத்தில் பெருமையோடு பொறித்துக்கொண்டது. பெல்ட் வேரியேட்டருக்கு இதைவிட நல்ல விளம்பரம் அதற்குப் பிறகு கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஜெனித்துக்குப் போட்டியாக வந்த ‘ரட்ஜ் மல்டி’ ஒரு படி மேலே போனது. எஞ்சின் புல்லி பெரிதாகும்போதே பின்சக்கரத்தின் பெல்ட் வளையம் சுருங்குமாறு இரண்டையும் ஒரே நெம்புகோலில் இணைத்தார்கள். பெல்ட்டின் இறுக்கம் மாறவில்லை, சக்கரமும் நகரவேண்டியதில்லை. 1914ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை சிரில் புல்லின் வென்றது இந்த வண்டியில்தான். முன்புல்லி விரிய, பின்புல்லி சுருங்க என்ற இணைப்பு இன்றைய ஸ்கூட்டர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே வேறுபாடு, ரட்ஜில் அதைக் கை செய்தது. ஸ்கூட்டரில் ரோலர்களும் ஸ்பிரிங்கும் செய்கின்றன. சங்கிலியும் பல்லிணைக் கியர்பெட்டியும் பரவியதும் மோட்டார்சைக்கிளிலிருந்து பெல்ட் மறைந்தது.

ஸ்கூட்டரில் இதைத் தானியங்கியாகப் பொருத்திய பெருமை கலிஃபோர்னியாவின் ஃபாஸ்டர் சால்ஸ்பரிக்கு உரியது. 1936இல் விற்பனைக்கு வந்த அவருடைய ‘மோட்டார் கிளைடு’ ஸ்கூட்டருக்கு 1938இல் தானே மாறிக்கொள்ளும் பெல்ட் அமைப்பு வந்தது. ஸ்கூட்டர்களில் அதுவே முதலாவது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சால்ஸ்பரி ஸ்கூட்டர் நிலைக்கவில்லை. இத்தாலியின் வெஸ்பாவும் லாம்ப்ரெட்டாவும் இடது கைப்பிடியைத் திருகி மாற்றும் கியரோடு உலகைச் சுற்றின. இந்தியாவில் பஜாஜ் சேத்தக் ஓட்டிய தலைமுறைக்கு ஸ்கூட்டர் என்றாலே அந்தத் திருகல்தான்.

நெதர்லாந்தில் ஹப் வான் டோர்ன் இதே தத்துவத்தைக் காருக்குக் கொண்டுபோய் 1958இல் டாஃப் 600 காரை அறிமுகப்படுத்தினார். இரண்டு பெல்ட்கள் பூட்டிய அந்த ‘வேரியோமேட்டிக்’ முன்னோக்கிப் போகும் அதே வேகத்தில் பின்னோக்கியும் போகும். இந்திய விளம்பரங்களிலும் பழைய மெக்கானிக்குகளின் பேச்சிலும் ஸ்கூட்டருக்கு ‘வேரியோமேட்டிக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான். பிரான்சின் மொபிலெட், இத்தாலியின் பியாஜ்ஜியோ சாவ் ஆகிய மொபெட்களிலும் வேரியேட்டர் வைத்த மாதிரிகள் வந்தன. 1983இல் வந்த யமஹா ஜாக் போன்ற ஜப்பானிய 50 சிசி ஸ்கூட்டர்களோடு இந்த அமைப்பு ஆசியாவில் வேரூன்றியது.

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தது கைனெட்டிக் ஹோண்டா. 1984இல் தொடங்கிய இந்தக் கூட்டு முயற்சியின் 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட்டும் இருந்தது, கியரும் இல்லை. கியர் வண்டி பழகியவர்கள் முதலில் அதை ஆண்மைக் குறைவாகப் பார்த்தார்கள் என்பதை அக்காலத்தவர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1990களில் ஓசூரிலிருந்து டிவிஎஸ் ஸ்கூட்டியும், 2001 வாக்கில் ஹோண்டா ஆக்டிவாவும் வந்தபின் கைக்கியர் ஸ்கூட்டர் கடைகளிலிருந்தே மெல்ல விலகியது.

வெளிச்சந்தைப் பாகங்களின் தோற்றம்

மாற்றியமைப்புத் தொழில் இத்தாலியிலும் பிரான்சிலும் வளர்ந்ததற்குச் சட்டமே காரணம். 50 சிசி மொபெட் வகை வண்டிகள் மணிக்கு 45 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. இத்தாலியில் 14 வயதிலேயே இவ்வகை வண்டியை ஓட்டலாம். வேகத்தை அடக்க உற்பத்தியாளர்கள் கையாண்ட எளிய வழிகளில் ஒன்று, வேரியேட்டரின் நகரும் தட்டைத் தாங்கும் நடு உருளை மேல் ஒரு வளையத்தை நுழைப்பது. அந்த வளையம் இருக்கும் வரை தட்டுகள் முழுதாக நெருங்க முடியாது. பெல்ட்டும் விளிம்பை எட்டாது. அதைக் கழற்றிவிட்டால் வண்டி கட்டறுத்துக்கொண்டு ஓடும். 14 வயதுப் பையனின் கையில் ஸ்பானர் கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1990இல் பிரான்சில் வந்த எம்பிகே பூஸ்டர், அதைத் தொடர்ந்து வந்த பியாஜ்ஜியோ என்ஆர்ஜி, ஜிலெரா ரன்னர் ஆகியவை அந்த இளைஞர் கூட்டத்தின் வண்டிகள்.

இந்தச் சந்தையைப் பிடித்த இரு நிறுவனங்கள் போலோன்யாவின் மலோசியும் (1930) பெர்காமோவின் போலினியும் (1945). இரண்டும் வேரியேட்டர் கிட்களின் காலத்துக்கு முன்பே தொடங்கியவை. மலோசியின் ‘மல்டிவார்’, போலினியின் ‘ஹை ஸ்பீட்’ ஆகிய வேரியேட்டர் கிட்கள் பல வண்டிகளுக்கும் தனித்தனியாகச் செய்யப்படுகின்றன. ஸ்பெயினின் ஜே. கோஸ்டா ரோலரின் பாதையையே வேறு கோணத்தில் அமைத்தது. தைவானின் டாக்டர் புல்லி, உருண்டை ரோலருக்குப் பதிலாக மூலை மழுங்கிய சறுக்குக் கட்டைகளைக் கொண்டுவந்தது. தைவானின் ஜிஒய்6 எஞ்சினைச் சீனத் தொழிற்சாலைகள் எண்ணற்ற பெயர்களில் நகலெடுத்ததால், அதற்கான மலிவுப் பாகங்கள் உலகெங்கும் குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி தரத்தில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இயங்கும் முறை

முன்புல்லியின் ஒரு தட்டு கிராங்கோடு நிலையாக நிற்கும். மற்றொன்று நடு உருளை மேல் நகரும். நகரும் தட்டின் முதுகில் சரிவான பள்ளங்கள், பெரும்பாலும் ஆறு. பள்ளத்துக்கு ஒரு ரோலர். எஞ்சின் சுழலச் சுழல ரோலர்கள் வெளிப்பக்கம் வீசப்பட்டுச் சரிவில் ஏறித் தட்டைத் தள்ளும். பெல்ட் விளிம்புக்கு ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால் பின்புல்லியில் அது ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். அதாவது கியர் ஏறும்.

பின்புல்லியில் ஸ்பிரிங் மட்டுமல்ல, டார்க் கேம் எனப்படும் சாய்ந்த காடிகளும் அவற்றில் ஓடும் ஊசிகளும் உண்டு. மேட்டில் ஏறும்போது சக்கரம் தயங்கும். அந்தத் தயக்கம் காடிகளின் வழியே பின்தட்டுகளை நெருக்கி, பெல்ட்டை மறுபடி வெளியே தள்ளும். ஓட்டுபவர் ஏதும் செய்யாமலேயே கியர் இறங்கிவிடுகிறது. முன்பக்க ரோலர் கியரை ஏற்றப் பார்க்கிறது, பின்பக்க ஸ்பிரிங்கும் கேமும் இறக்கப் பார்க்கின்றன. இவ்விரண்டும் சமமாகும் இடத்தில்தான் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் நிலைத்து நிற்கும். முழுத் திராட்டிலில் ஸ்கூட்டரின் எஞ்சின் சத்தம் ஒரே சுருதியில் நிற்க, வேகம் மட்டும் கூடிக்கொண்டே போவது இதனால்தான். மாற்றியமைப்பவர் தேடுவது அந்தச் சுருதியை. அது எஞ்சினின் உச்சத் திறன் கிடைக்கும் ஆர்பிஎம்மில் அமைய வேண்டும்.

கம்பெனிகள் அதற்குச் சற்றுக் கீழேயே வைக்கின்றன. மைலேஜ் கிடைக்கும், சத்தம் குறையும், பெல்ட் நீடிக்கும். இந்தியாவில் ஸ்கூட்டர் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

ரோலர்

மிக மலிவாகவும் மிக அதிகமாகவும் மாற்றப்படும் பாகம் ரோலர். பெட்டியின் மேல் 15×12, 16×13, 18×14, 20×15 என்பதுபோல அளவு இருக்கும். முதல் எண் விட்டம், அடுத்தது அகலம், இரண்டும் மில்லிமீட்டரில். 50 சிசி சீன வண்டிகளுக்கு 16×13, ஜிஒய்6 125, 150 சிசி எஞ்சின்களுக்கு 18×14, யமஹா ஜாக் வகைக்கு 15×12, யமஹா என்மேக்ஸ் 155க்கு 20×15. அளவு ஒன்றாக இருந்தும் எடை அரை கிராம் வித்தியாசத்தில் வேறுபடும்.

எடையைக் குறைத்தால் எவ்வளவு மாறும் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். வெளித்தள்ளு விசை எடைக்கு நேர்விகிதத்திலும் சுழற்சியின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருப்பதால், ஆர்பிஎம் எடையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும். 13 கிராம் ரோலர் ஆறு, மொத்தம் 78 கிராம். இதில் 6,500 ஆர்பிஎம்மில் நிற்கும் வண்டிக்கு 11 கிராம் ரோலர் போட்டால் மொத்தம் 66 கிராம். ஆர்பிஎம் ஏறக்குறைய 7,070 ஆகும். உராய்வினால் நடைமுறையில் சற்றுக் கூடக் குறைய இருக்கலாம். 11 கிராம் கிடைக்காவிட்டால் 12, 10 கிராம் ரோலர்களை மூன்று மூன்றாக ஒன்றுவிட்டு ஒன்று வைப்பார்கள். மொத்தம் அதே 66தான்.

எடை குறைந்த ரோலரால் உச்ச வேகம் குறைந்துவிடும் என்று பலரும் சொல்வது சரியல்ல. கடைசி விகிதத்தை முடிவுசெய்வது தட்டுகளின் வடிவமும் பெல்ட்டின் அகலமும்தான். ரோலர் சரிவின் உச்சிக்கு ஏறவே முடியாத அளவுக்கு இலேசாக இருந்தால் மட்டுமே உச்ச வேகம் அடிபடும். மறுபக்கம், மிகக் கனமான ரோலர் கியரைச் சீக்கிரம் ஏற்றிவிட்டு எஞ்சினைத் திணற வைக்கும். மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்காது.

பெல்ட் விளிம்பு வரை ஏறுகிறதா இல்லையா என்று அறிய ஒரு பழைய முறை உண்டு. முன்புல்லியின் நிலைத்தட்டில், பெல்ட் உரசும் முகத்தில், மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் நேர்கோடுகள் இழுத்துவிட்டு, வண்டியைப் பூட்டி நல்ல சாலையில் உச்ச வேகம் வரை ஒரு முறை ஓட்டி வந்து திறந்து பார்ப்பார்கள். பெல்ட் தொட்ட இடம் வரை மை அழிந்திருக்கும். விளிம்பருகே கோடு அழியாமல் தங்கியிருந்தால், பெல்ட் அங்கே போகவே இல்லை. ரோலர் இலேசு, அல்லது பின் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினம். பழைய ரோலரைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் பயன் தரும். தேய்ந்த ரோலரில் ஒரு பக்கம் தட்டையாகி, உருட்டிவிட்டால் அந்தப் பக்கத்திலேயே வந்து படுத்துக்கொள்ளும். அத்தகைய வண்டிக்குக் கிட் வாங்கும் முன், கம்பெனி எடையிலேயே புது ரோலரும் புது பெல்ட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது. பாதிப் பேரின் குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

பிற பாகங்கள்

முழு வேரியேட்டர் கிட்டில் சரிவின் கோணமும் தட்டின் முகமும் மாறுகின்றன. ரோலர் அதிகத் தொலைவு ஏற இடம் கிடைப்பதால் பெல்ட் இன்னும் கொஞ்சம் வெளியே போகும். டாக்டர் புல்லியின் சறுக்குக் கட்டைகளும் இதே பலனைக் கம்பெனி வேரியேட்டருக்குள்ளேயே தருகின்றன. ஆனால் திசை பார்த்து வைக்கவேண்டும், புரட்டி வைத்தால் மாதக்கணக்கில்கூடத் தாங்காது.

பெல்ட்டின் மேல் 743-20-30 என்பதுபோல ஓர் எண் இருக்கும். 743 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 30 பாகைக் கோணம். அகலம் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே பெல்ட் முன்புல்லியில் உள்ளே இறங்கி உட்காரும். கடைசி கியர் கிடைக்காது. தேய்ந்த பெல்ட்டோடு புது வேரியேட்டரை எடைபோடுவது வீண்வேலை.

கான்ட்ரா ஸ்பிரிங் எனப்படும் பின்புல்லியின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் மேட்டில் கியர் விரைந்து இறங்கும், ஆர்பிஎம்மும் ஏறும். தேவைக்கு மேல் கடினமானது பெல்ட்டை நசுக்கிச் சூடாக்கும், வேறெந்த நன்மையும் தராது. சிலர் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு ஒப்பேற்றுவதுண்டு. கிளட்ச் ஷூக்களைப் பிடித்திருக்கும் சிறு ஸ்பிரிங்குகளைக் கடினமாக்கினால் கிளட்ச் தாமதமாகப் பிடிக்கும். சிக்னலில் வண்டி எம்பிக் கிளம்பும், நெரிசலில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் வழுக்கி, ஷூக்கள் உரசிப் பிடிக்கும் கிண்ணமான கிளட்ச் பெல் நீலம் பாரிக்கும். பெருநகரத்தில் அலுவலகம் போய்வரும் வண்டிக்கு இதைத் தொடாமல் விடுவதே மேல். கடைசி விகிதத்தையே மாற்ற விரும்புவோர் பின்சக்கர அச்சுக்கு முன்னால் உள்ள பல்சக்கரங்களை மாற்றுவார்கள். அது ஆயிலைக் கொட்டிப் பெட்டியைத் திறக்கும் வேலை. அதற்கு இறங்குபவர் குறைவு.

பூட்டும்போது

வேரியேட்டர் நட்டைக் கழற்ற காற்றுத் துப்பாக்கியோ, புல்லியைப் பிடிக்கும் தனிக் கருவியோ தேவை. ஸ்குரூடிரைவரை விசிறி இதழ்களுக்கு நடுவே செருகிப் பிடித்தால் இதழ் ஒடியும். அந்த இதழ்கள்தாம் பெல்ட்டுக்குக் காற்று வீசுபவை. பூட்டுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பின்புல்லியை இரு கைகளாலும் பிரித்து பெல்ட்டை அதற்குள் ஆழமாக அழுத்தி, முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று தொங்கும்படி செய்த பிறகே முன் தட்டை நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட் தட்டுக்கும் நடு உருளைக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டதாகக் கை உணரும், உண்மையில் அது பெல்ட்டைத்தான் இறுக்கியிருக்கும். சில கிலோமீட்டரில் பெல்ட் நழுவ, நட்டு தளர, கிராங்க் முனையின் வரிப்பற்கள் மழுங்கிவிடும். அதன்பின் செலவு வேரியேட்டரோடு நிற்காது. சரியாகப் பூட்டியதா என்று பார்க்க, நட்டு இறுகியபின் முன்புல்லியைக் கையால் சுற்றினால் பெல்ட் நடு உருளை மேல் தடையின்றி வழுக்க வேண்டும். தட்டின் முகத்திலும் பெல்ட்டிலும் கிரீஸ் துளியும் படக்கூடாது.

சட்ட நிலை

இந்தியாவில் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆறு மாதம் வரை சிறைக்கும் வழி வைத்தது. ரோலர் எடையும் ஸ்பிரிங்கின் கடினமும் பதிவுச் சான்றில் இடம்பெறுவதில்லை. சைலன்சர், ஹேண்டில்பார் மாற்றங்களைப்போல இவை சாலையில் கண்ணில் படுவதுமில்லை. ஆனால் வாரண்டி போய்விடும்.

இன்றைய நிலை

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ரோலரும் பெல்ட்டும் எளிதாகக் கிடைக்கின்றன. ஐரோப்பிய, தைவான் கிட்கள் பெரும்பாலும் இணையவழி வருகின்றன. 2024இல் இந்தோனேசியாவில் வெளியான யமஹா என்மேக்ஸ் டர்போவில் புல்லியை மின்மோட்டார் நகர்த்துகிறது. அதில் ரோலர் மாற்ற வேலையில்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற பகுதியிலும் உருவாகும் ஏத்தர், டிவிஎஸ் ஐக்யூப், ஓலா மின்சார ஸ்கூட்டர்களில் வேரியேட்டரே கிடையாது.